வன்னி மண்ணுக்கான கற்பனை அரைச்சங்கிலி வாகனங்கள்

2023 ஐப்பசி 6, வாசகர் ஒருவரின் கருத்து

முன்னால் சில்லும் பின்னால் சங்கிலியும் கொண்ட கற்பனை வாகனங்களைச் சிறு மாதிரிகளாகச் செய்யும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். கற்பனை வாகனம் என்று சொல்லிவிட்ட பின் கணக்கு எதற்கு? மொரிஸ் மைனர் கார் ஒன்றின் பின்சில்லுகளைக் கழற்றிவிட்டு, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியச் சிறு அரைச்சங்கிலி வாகனமான கெட்டன்கிராட்டின் சங்கிலிகளை அவ்விடத்தில் ஒட்டினால் அதுவும் ஓர் அரைச்சங்கிலி வாகனந்தான். உலகில் இல்லாத ஒன்றுக்குச் சரி பிழை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

2023 ஐப்பசி 6, இரவு

அந்த உரிமை, வாகனம் ஓட வேண்டிய மண்ணுக்கு இருக்கிறது. அரைச்சங்கிலி வாகனம் அழகுக்காகத் தோன்றிய வடிவமல்ல. பின்சில்லு புதைந்த இடங்களில் தோன்றிய வடிவம். முன்னால் சில்லு இருப்பதால் லொறி ஓட்டிப் பழகியவர் பெரிதாக எதையும் புதிதாகக் கற்காமலேயே அதனை ஓட்டலாம். பின்னால் சங்கிலி இருப்பதால் பாரம் பரந்து இறங்கி, சேற்றையும் மணலையும் தாண்டிப் போகலாம். இந்த இரண்டு தேவைகளும் இல்லாத இடத்தில் சங்கிலியை ஒட்டினால் பார்ப்பவர் முதலில் வியப்பார், ஆனால் நம்பமாட்டார்.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். வலு அங்கே தடையல்ல. கெட்டன்கிராட்டில் இருந்தது ஓப்பல் ஒலிம்பியா காரின் 1.5 லீற்றர் இயந்திரம், 36 குதிரைவலு. 948 சிசி இயந்திரம் பூட்டிய மைனர் தருவதும் ஏறக்குறைய அதே வலுதான். தடை வேறிடத்தில் இருக்கிறது. கெட்டன்கிராட்டின் சங்கிலியை இழுக்கும் பற்சில்லு சங்கிலியின் முன்முனையில் இருக்கிறது, மைனரின் பின் அச்சோ காரின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஆகவே அந்த அச்சை முன்னுக்கு நகர்த்த வேண்டும், இயந்திரத்திலிருந்து வலுவைக் கொண்டுவரும் சுழல்தண்டை வெட்டிக் குறுக்க வேண்டும், பின்னாசனத்தை இழக்க வேண்டும். அகலமும் பொருந்தாது. கெட்டன்கிராட் முழுவதுமே ஒரு மீற்றர் அகலந்தான், மைனரின் உடலோ ஒன்றரை மீற்றர். முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கும் 1/35 மாதிரி அளவில் முன்னது 28.6 மில்லிமீற்றர், பின்னது 43 மில்லிமீற்றர். இவற்றைத் தீர்த்துவிட்டு ஒட்டுங்கள், நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

2023 ஐப்பசி 9

பின் அச்சை நகர்த்துவது பற்றி ஒருவர் ஐயம் எழுப்பியிருக்கிறார். அது வரலாற்றில் நடந்த வேலை. 1941 இலும் 1942 இலும் கிழக்குப் போர்முனைச் சேற்றில் ஜெர்மானிய லொறிகள் புதைந்து கிடந்தபோது, ஓப்பல், போர்ட், குளொக்னர் ஹம்போல்ட் டொய்ட்ஸ் ஆகிய லொறிகளின் பின்சில்லுகளை நீக்கி, பிரித்தானியக் கார்டன் லொய்ட் வகையைத் தழுவிய சங்கிலித் தொகுதிகளைப் பூட்டினார்கள். பின் அச்சு முன்னுக்கு நகர்ந்தது, சுழல்தண்டு குறுகியது, அச்சின் இரு முனைகளிலும் ரயருக்குப் பதில் பற்சில்லு ஏறியது. மவுல்டியர் என்று பெயர் பெற்ற அந்த லொறிதான் கற்பனை மாற்றம் செய்ய விரும்புபவருக்கு முதற்பாடம் என்பது என் உறுதியான எண்ணம். எது அப்படியே விடப்பட்டது, எது வெட்டப்பட்டது, எது புதிதாக வந்தது என்பதெல்லாம் அதில் வெளிப்படையாகத் தெரியும். ஓப்பல் பிளிட்ஸ் மவுல்டியருக்கு இத்தாலெரி என்ற மாதிரி நிறுவனம் 1/35 அளவில் ஒட்டுபாகப் பெட்டி வெளியிட்டிருக்கிறது. அதன் லொறியைத் தனியே வைத்துவிட்டு, சங்கிலித் தொகுதியை வேறொரு லொறிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

2023 ஐப்பசி 22

மேலே மண் என்று மட்டும் எழுதினேன். சில நாட்களாக யோசித்ததில், அதற்குச் சமமான இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பேச்சு அரைகுறையாகும் என்று படுகிறது. அது பட்டறை.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஆனாலும் வாகனங்கள் ஓடின. ஒஸ்ரின் ஏ40 கார்களின் கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். வானொலி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றினார்கள். என் மாமா விசுவமடுவில் ஒரு சிறிய கராஜ் வைத்திருந்தார். அங்கே ஒரு வாகனத்தின் பாகம் இன்னொரு வாகனத்துக்குள் போவதைப் பார்த்துத்தான் நான் வாகனம் என்பதையே விளங்கிக்கொண்டேன். அவர் எதையும் முதலில் வரைந்ததில்லை. முற்றத்தில் கிடந்த இரும்பைச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றையும் காலால் தட்டி, கையில் தூக்கிப் பார்த்து, பிறகுதான் வேலையைத் தொடங்குவார். எந்த மாற்றத்தையும் அவர் செய்தது அது இல்லாமல் வேலை நடக்காது என்பதனால் மட்டுமே. அழகாயிருக்கும் என்பதற்காக ஓர் ஆணிகூட அங்கே அடிக்கப்பட்டதில்லை, ஆனால் முடிந்த வேலை அழகாகவே இருந்தது.

ஆகையால் கற்பனை அரைச்சங்கிலி வாகனத்தைச் செய்பவர், கற்பனை வாகனத்தை வரைவதற்கு முன் கற்பனை முற்றத்தை வரைய வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த முற்றத்தில் லேத் இருக்கிறதா? காஸ் வெல்டிங் மட்டும் இருக்கிறதா? வார்ப்பிரும்புப் பற்சில்லு செய்ய வழியில்லை என்றால் எந்தப் பழைய பொறியிலிருந்து அது வந்தது? இதற்கு விடை கிடைத்தால் மாதிரியின் பாதி வேலை முடிந்தது.

2023 ஐப்பசி 23

முள்ளியவளையிலிருந்து எழுதும் அண்ணர், அப்படியான முற்றத்தில் சங்கிலிக்கு எது கிடைத்திருக்கும் என்று கேட்கிறார். இரும்புச் சங்கிலி கிடைத்திருக்காது. ஆலைகளில் பொருள் கடத்தும் அகன்ற ரப்பர் பட்டி கிடைத்திருக்கலாம். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இயங்காமல் போன பிறகு அவற்றின் பொருட்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன என்று கற்பனை செய்வது மிகையாகாது. அந்தப் பட்டியின்மேல் குறுக்காக முதிரைப் பலகைத் துண்டுகளைப் போல்ட் போட்டு முடுக்கினால் பிடிப்பு வந்துவிடும். முதிரை தண்ணீரில் ஊறினாலும் எளிதில் உளுத்துப்போகாது.

2023 கார்த்திகை 11

ரப்பர் பட்டியால் ஒரு வாகனத்தை எப்படி இழுக்க முடியும் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அரைச்சங்கிலி வாகனத்தின் முதன்மைப் பரம்பரையே ரப்பர்ப் பட்டிப் பரம்பரைதான். பிரெஞ்சுப் பொறியியலாளர் அடோல்ப் கெக்ரெஸ், ரஷ்யாவின் சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸின் வாகனக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பனியில் அரச கார்கள் ஓட வேண்டும் என்பதற்காகப் பின்சில்லுகளின் இடத்தில் ரப்பர் பட்டியும் முன்னால் சறுக்குக் கட்டையும் வைத்தார். புரட்சிக்குப் பின் லெனின் பயன்படுத்திய ரோல்ஸ் ரொய்ஸ் காரும் அதே அமைப்பைக் கொண்டதே. மொஸ்கோவுக்கு அருகிலுள்ள கோர்க்கி லெனின்ஸ்கியே அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. அரசனின் காரே இப்படிப் பாதி காரும் பாதி வேறொன்றுமாக ஓடியிருக்கும்போது, நம்முடைய கற்பனைகளைத் துணிச்சலானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பியதும் சிட்ரோயன் நிறுவனம் அவருடைய முறையை ஏற்றுக்கொண்டது. 1922 மார்கழி 17 இல் அல்ஜீரியாவின் டூகூரிலிருந்து புறப்பட்ட ஐந்து சிட்ரோயன் கெக்ரெஸ் வாகனங்கள் சகாராவைக் கடந்து 1923 தை 7 இல் டிம்பக்டுவை அடைந்தன. அமெரிக்கர்கள் 1931 இல் சிட்ரோயன் கெக்ரெஸ் ஒன்றை வாங்கிப் பரிசோதித்ததிலிருந்துதான் அவர்களுடைய எம்2, எம்3 அரைச்சங்கிலி வாகன வரிசை வளர்ந்தது. எம்3 இன் பட்டியும் ரப்பரே. உள்ளே உருக்குக் கம்பிவடங்கள் ஓடும்.

மாதிரி செய்பவருக்கு இதில் பெரிய நன்மை உண்டு. இரும்புச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் செய்ய வேண்டும், ரப்பர் பட்டியை ரப்பராலேயே செய்யலாம். பழைய பிரிண்டர்களுக்குள்ளும் போட்டோப் பிரதி இயந்திரங்களுக்குள்ளும் இருக்கும் பல்வைத்த பட்டிகளைச் சேர்த்து வையுங்கள். எம்3 இன் பட்டி 12 அங்குல அகலம், 1/35 இல் அது 8.7 மில்லிமீற்றர் ஆகும். 9 மில்லிமீற்றர் அகலமான பல்பட்டி அதற்கு மிக நெருக்கமாக வரும். பல் இருக்கும் பக்கத்தை வெளியே திருப்பினால் அதுவே நிலத்தைப் பற்றும் வரிகளாகத் தெரியும். உட்பக்கத்துக்குச் சைக்கிள் ரியூபில் மெல்லிய கீற்று ஒன்றை வெட்டி ஒட்டி, நடுவில் வழிகாட்டிப் பற்களைப் பிளாஸ்ரிக் துண்டுகளால் வைக்கலாம்.

2023 கார்த்திகை 13

பட்டியின் இணைப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு: தாங்குசில்லுகளின் கீழே, நிலத்தோடு படும் நேர்ப்பகுதியில் வையுங்கள். வளைவில் வைத்தால் ரப்பரின் இழுவிசை ஒட்டை ஒருநாள் பிரித்துவிடும்.

2023 மார்கழி 3

மழை பிடித்துக்கொண்டது. வயற்கரையில் நின்று உழவு இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குள் நீண்டகாலமாக இருந்த ஒரு வடிவம் தெளிவாகியிருக்கிறது. மொரிஸ் மைனரையும் லொறியையும் விட்டுவிட்டு, வன்னியில் எந்த ஊருக்குப் போனாலும் நிற்கும் மசி பெர்குசன் உழவு இயந்திரத்தை அரைச்சங்கிலியாக்குவதே எல்லாவற்றிலும் நம்பத்தக்கது.

முதலில் கணக்கு. உழவு இயந்திரம் ஒன்றரைத் தொன் என்றும், அதில் ஆயிரம் கிலோகிராம் பின்புறத்தில் இறங்குகிறது என்றும் கொள்வோம். ஒவ்வொரு பின்ரயரும் நிலத்தில் 30 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் 25 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் பட்டால், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 0.67 கிலோகிராம் அழுத்தம் விழும். அதே அகலத்தில் 120 சென்ரிமீற்றர் நீளம் நிலத்தில் படியும் பட்டிகளை வைத்தால் அழுத்தம் 0.14 ஆகக் குறையும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. முருங்கன் பக்கத்துக் கரிசல் களி நனைந்தால் எப்படி இளகும் என்று அறிந்தவர்கள் இந்த வேறுபாட்டின் பெறுமதியை உணர்வார்கள்.

சேற்று வயலுக்குப் பூட்டும் இரும்புக் கூட்டுச் சில்லான கேஜ்வீல் இருக்கும்போது இது எதற்கு என்று நிச்சயம் கேட்பீர்கள். நானே என்னிடம் கேட்டேன். கேஜ்வீல் வயலுக்குள் மட்டுமே உதவும். அதோடு தார்வீதியில் ஏற முடியாது, பெட்டி பூட்டி நெல் மூட்டையை ஆலைக்குக் கொண்டுபோக முடியாது. மாரியில் வயலிலிருந்து மூட்டையை வெளியே எடுக்கும் வேலைக்கும், குளக்கட்டின் ஓரமாகக் கல் ஏற்றிப் போகும் வேலைக்கும், சேற்றையும் வீதியையும் ஒரே நாளில் பார்க்கும் ஒன்று தேவை. ரப்பர் பட்டி போட்ட அரைச்சங்கிலிக்கு அங்கே இடம் இருக்கிறது.

இதற்கும் மேலான காரணம் திருப்பம். அரைச்சங்கிலி வாகனங்களின் தீராத குறை இதுதான்: நீளமான இரண்டு பட்டிகள் நேராகவே போக விரும்பும், முன்சில்லைத் திருப்பினாலும் அது சேற்றைத் தள்ளிக்கொண்டு வழுக்கும். எம்3 முன்சில்லுகளை மட்டும் நம்பியதால் வளைவதற்கு அகன்ற இடம் கேட்டது. ஜெர்மானியர்கள் ஸ்ரியரிங்கை ஓர் அளவுக்கு மேல் திருப்பும்போது உட்பக்கச் சங்கிலிக்குத் தடை விழும்படி அமைத்தார்கள். நம்முடைய உழவு இயந்திரத்திலோ இடது பின்சில்லுக்கும் வலது பின்சில்லுக்கும் தனித்தனித் தடைமிதிகள் பிறவியிலேயே இருக்கின்றன. வரம்பு மூலையில் ஒருபக்கத் தடையை மிதித்துச் சட்டென்று திரும்பும் ஒவ்வொரு சாரதியும், ஜெர்மானியப் பொறியியலாளர்கள் சிக்கலான பற்சில்லுப் பெட்டி வைத்துச் செய்த அதே வேலையைக் காலால் செய்கிறார். ஆகவே இந்த மாற்றத்துக்குத் திருப்பம் பற்றிய புதிய பொறி எதுவும் தேவைப்படாது. இதனை உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம்.

2023 மார்கழி 5

ஒரு தம்பி, எட்மண்ட் ஹிலரி தென்துருவத்துக்கு ஓட்டிச் சென்றவை அரைச்சங்கிலி பெர்குசன்கள் அல்லவா என்று கேட்டிருக்கிறார். அருமையான நினைவூட்டல், ஆனால் ஒரு திருத்தம் தேவை. 1958 தை 4 இல் துருவத்தை அடைந்த அந்த பெர்குசன் டிஈ20 உழவு இயந்திரங்களில் பட்டி பின்சில்லையும் முன்சில்லையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. ஆகையால் துருவத்தைத் தொட்டபோது அவை முழுச்சங்கிலி வாகனங்கள். அவற்றின் அமைப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: பின்ரயர் கழற்றப்படவில்லை, அதுவே பட்டியை இழுத்தது.

அந்த வழியையே நான் பின்பற்றப் போகிறேன். பின்ரயர் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு முன்னால், இயந்திரத்தின் வயிற்றுப் பக்கமாக, பட்டியை இழுத்துப் பிடிக்கும் சிறிய ஐட்லர் சில்லு ஒன்று வரும். இரண்டையும் சுற்றிப் பட்டி ஓடும். கியூபெக்கின் பொம்பார்டியர் நிறுவனம் பண்ணை உழவு இயந்திரங்களுக்கு இதே எண்ணத்தில் பட்டித் தொகுதிகளை விற்றது. முன்னால் சறுக்குக் கட்டையும் பின்னால் பட்டியும் கொண்டு பன்னிரண்டு பேரை ஏற்றிய அவர்களுடைய பி12 பனிவாகனமும் அரைச்சங்கிலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்லோவின் ரோட்லெஸ் நிறுவனம் போர்ட்சன் உழவு இயந்திரங்களை அரைச்சங்கிலியாக்கியது. ஆக உழவு இயந்திரத்தில் இது புதுமையே அல்ல. வன்னியில் அது நடந்ததாக வைப்பது மட்டுமே என் கற்பனை.

1/35 இல் பட்டியின் அகலம் 8.6 மில்லிமீற்றர், நிலத்தில் படியும் நீளம் 34 மில்லிமீற்றர். ஐட்லர் சில்லுக்கு மாட்டுவண்டிச் சில்லின் இரும்பு வளையத்தைச் சிறிதாக்கி வெல்டிங் செய்தது போன்ற தோற்றம் தர முயல்கிறேன்.

2024 தை 9

இரண்டு வாசகர்கள் வெவ்வேறு விதமாக ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். போர் நடந்த மண்ணில் இருந்துகொண்டு போர் வாகனம் எதையும் ஏன் செய்யவில்லை என்கிறார் ஒருவர். ஆனையிறவில் ஏ9 வீதியோரம் வைக்கப்பட்டிருக்கும் கவசமிட்ட புல்டோசரைப் பற்றி ஏன் எழுதவில்லை என்கிறார் மற்றவர்.

அந்தப் புல்டோசர் 1991 ஆடியில் நடந்த சண்டையில் பயன்பட்டது. அது முழுச்சங்கிலி வாகனம். இங்கே பேசப்படும் வடிவத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அதைப் பார்க்கும்போது என் மனதில் ஓடுபவை உருக்குத் தகட்டின் தடிப்பைப் பற்றியவை அல்ல. அதற்கு மேல் அதைப்பற்றி இங்கே எழுத நான் விரும்பவில்லை.

பொதுவான கேள்விக்கு நேரான பதில் தருகிறேன். நான்கு கனரகத் துப்பாக்கிகள் ஏற்றிய எம்16 அரைச்சங்கிலியை மிக நுணுக்கமாகச் செய்பவர்களை மதிக்கிறேன், அவர்களுடைய வேலையிலிருந்து கற்கிறேன். ஆனால் என் மேசைக்கு அயல்வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுடைய வீடுகளின் சுவர்களில் படங்களாக இருப்பவர்களை நான் அறிவேன். சங்கிலிச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு, அதே சங்கிலி நெல் மூட்டை இழுப்பதையும் தண்ணீர்த் தாங்கி கொண்டுபோவதையும் படகு தள்ளுவதையும் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். கெட்டன்கிராட்டுகளுக்கும் அதுதான் நடந்தது. போர் முடிந்த பின்னும் 1940களின் இறுதிவரை அவை உற்பத்தியாகி, வயல்களிலும் காடுகளிலும் வேலை செய்தன.

முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் பணிக்கு ஓர் அரைச்சங்கிலி செய்யலாமே என்ற யோசனையும் வந்தது. நல்லெண்ணம் விளங்குகிறது, ஆனால் அந்த வடிவம் அந்த வேலைக்குப் பொருந்தாது. அரைச்சங்கிலியில் ஐயத்துக்குரிய மண்ணை முதலில் தொடுவது முன்சில்லு, அதுவும் சாரதிக்கு மிக அருகில். அகற்றி முடித்த நிலத்தில் பணியாளர்களின் பொருட்களையும் தண்ணீரையும் கொண்டுபோகும் வாகனமாக வைத்தால் பொருந்தும்.

2024 தை 21

அறுவடைக்கு வெட்டுமெசின்கள் வந்துவிட்டன. ரப்பர் பட்டிகளோடு லொறியில் வந்து இறங்கும் அவற்றைப் பார்க்க என் மேசைப் பிள்ளைகள் ஓடினார்கள். வயதான ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, நீராவிக் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருக்குமா என்று என்னைக் கேட்டார்.

இருந்தது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், வாட்டர்வில் ஊரைச் சேர்ந்த ஆல்வின் லொம்பார்ட் 1901 இல் காப்புரிமை பெற்ற நீராவி மர இழுவை இயந்திரம். பின்னால் சங்கிலி, முன்னால் பனிச்சறுக்குக் கட்டை, நடுவே புகைவண்டியினுடையதைப் போன்ற கொதிகலன். மொத்தம் 83 செய்யப்பட்டன. திருப்புபவர் கொதிகலனுக்கும் முன்னால், திறந்த வெளியில், ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நிறுத்துவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை.

இதை வன்னிக்குக் கொண்டுவரும் எண்ணம் அன்றிரவே பிடித்துக்கொண்டது. வடக்குப் புகையிரதப் பாதை 1905 இல் யாழ்ப்பாணத்தோடு இணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளத்தின் வேலைகள் நடந்தன. மாங்குளம் காட்டிலிருந்து பாலை மரமும் முதிரை மரமும் இழுத்து வர ஒப்பந்தகாரர் ஒருவர் லொம்பார்ட் இயந்திரம் ஒன்றைக் கப்பலில் வரவழைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சறுக்குக் கட்டைக்குப் பதில் அகன்ற இரும்புச் சில்லுகள் வரும். திருப்புபவரின் தலைக்கு மேல் கிடுகுக் கூரை வரும். கோடையில் காடு பற்றிக்கொள்ளாமல் புகைபோக்கியின் வாயில் தீப்பொறி தடுக்கும் வலைக்கூடு வரும். தண்ணீருக்குச் சிறுகுளங்கள் வழி நெடுகிலும் உண்டு. ஆனால் பதினைந்து தொன்னுக்கு மேற்பட்ட அந்த எடையை எந்தக் குளக்கட்டும் தாங்காது, ஆகவே பாதை காட்டுக்குள்ளேயே போக வேண்டும். 1/35 இல் கொதிகலனுக்குப் பிவிசி குழாய் போதும்.

2024 மாசி 4

தட்டிவானை விட்டுவிட்டீர்களே என்று நெல்லியடியிலிருந்து ஒரு கடிதம். விடவில்லை, தயங்கிக்கொண்டிருந்தேன். கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் பக்கங்கள் திறந்தபடி, மரச்சட்டத்தோடு ஓடிய அந்த வாகனத்தை நேசிக்காதவர் நம்மில் இல்லை. நேசிப்பதனாலேயே அதில் கைவைக்கப் பயம்.

என்றாலும் இதற்கும் வரலாற்றில் ஒரு பிடி கிடைக்கிறது. பிரித்தானியர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்போர்ட் கியூஎல் லொறியின் பின்புறத்தில் பிரென் கரியர் என்ற சிறிய சங்கிலி வாகனத்தின் சங்கிலித் தொகுதியைப் பூட்டிச் சோதித்துப் பார்த்தார்கள். அது தொடர் உற்பத்திக்குப் போகவில்லை. பெட்போர்ட் அடிச்சட்டகத்தில் கட்டிய தட்டிவான் ஒன்று, பிரென் கரியர் சங்கிலியோடு, மாரி காலத்தில் பூநகரிப் பக்கம் பயணிகளை ஏற்றிப் போகிறது என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் பிறப்பிடம் இருக்கிறது. 1/76 இல் ஏர்பிக்ஸ் நிறுவனத்தின் பெட்போர்ட் மாதிரியையும் பிரென் கரியரையும் சேர்த்தால் அடித்தளம் தயார். உடலை முழுவதும் கையால் கட்ட வேண்டும். நான் மரச்சட்டத்துக்கு ஈர்க்கைத்தான் பயன்படுத்துவேன். அதன் இழையோட்டம் அந்தச் சிறிய அளவிலும் மரமாகவே தெரியும்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். கூரையின் மேலிருக்கும் சாமான்கள் இல்லாமல் அது தட்டிவான் ஆகாது. பாரம் உயரே போகும்போது வாகனம் சாயும், ஆகவே சங்கிலிகள் உடலின் விளிம்புக்கு வெளியே சற்று நீண்டு நிற்கட்டும்.

2024 மாசி 18

மண் பூசுவது பற்றி. நம் மண்ணையே பூசலாமா என்றால், பூசலாம், ஆனால் அள்ளியபடி பூச முடியாது. கால் மில்லிமீற்றருக்கும் சிறியதாக, 0.2 மில்லிமீற்றர் மணல் ஒன்றுகூட 1/35 இல் 7 மில்லிமீற்றர் கல்லாகத் தெரியும். ஒட்டுசுட்டான் பக்கத்துச் செம்மண்ணை வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, மெல்லிய சேலைத் துணியில் மடித்துச் சலித்து, துணியைத் தாண்டிய தூளை மட்டும் எடுங்கள். நீர் கலந்த வெள்ளைப் பசையில் அதைக் குழைத்து, தாங்குசில்லுகளுக்கு இடையிலும் பட்டியின் உட்புறத்திலும் தடிப்பாகவும், உடலின் கீழ்ப்பகுதியில் மெலிதாகவும் வையுங்கள். அரைச்சங்கிலியில் முன்சில்லு எறியும் சேறு பட்டியின் முன்முனையில்தான் போய் அடிக்கும். அந்த இடத்தில் கனமாக இருக்க வேண்டும். பெரும்பாலான மாதிரிகளில் அங்கே சுத்தமாக இருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் வாகனமாக வைப்பவர்கள் சேற்றை மறந்துவிடலாம். அங்கே மணல் ஒட்டாது, உப்புத்தான் ஒட்டும். வெளிறிய துரு, கழுவப்பட்ட ரப்பர், நிறம் மங்கிய பொனற். கரிசல் மண்ணோ காய்ந்தால் சாம்பல் நிறமாகிப் பாளம்பாளமாக உதிரும், ஆகவே அதைப் பூசிய பின் ஊசி முனையால் வெடிப்புகளைக் கீறுங்கள்.

2024 பங்குனி 2

உழவு இயந்திரம் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஐட்லர் சில்லைத் தாங்கும் சட்டமும் தடைமிதிகளும் மட்டும் மீதம். அதற்குள் ஐப்பசியில் மைனரைப் பற்றிக் கேட்ட அதே வாசகர், இம்முறை இருசில்லு உழவு இயந்திரமான லாண்ட்மாஸ்டரின் படத்தோடு வந்திருக்கிறார். இழுக்கும் சில்லு முன்னால், பெட்டியின் சில்லு பின்னால். முன்சில்லுகளின் இடத்தில் பட்டி வைத்தால் தலைகீழ் அரைச்சங்கிலி அல்லவா என்கிறார்.

மிகச் சிறந்த எண்ணம், இந்தப் பக்கத்தில் இதுவரை வந்தவற்றுள் என்னை அதிகம் கவர்ந்தது. லாண்ட்மாஸ்டரில் கைபிடியின் இருபுறமும் இருக்கும் பிடிகள் அந்தந்தப் பக்கத்துச் சில்லின் இயக்கத்தை விடுவிக்கும், ஆகவே பட்டிகளைத் திருப்பும் வழி ஏற்கனவே இருக்கிறது. பட்டியின் நீளந்தான் சிக்கல். நீளம் கூடினால், பெட்டியில் அமர்ந்து கைபிடியைத் தள்ளுபவரின் கைவலு அதைத் திருப்பப் போதாது. நிலத்தில் படியும் நீளம் 60 சென்ரிமீற்றருக்கு மேல் போகாமல் வைக்கவே நான் சொல்வேன், 1/35 இல் 17 மில்லிமீற்றர். இழந்த பரப்பை அகலத்தில் ஈடுசெய்யலாம், பட்டி பெட்டியின் அகலத்தைத் தாண்டாமல் இருக்கும்வரை. பெட்டியின் கொக்கி உயரத்தையும் மறந்துவிடாதீர்கள். பட்டித் தொகுதி முன்பகுதியை உயர்த்தினால் பெட்டி பின்னால் சரியும், சாரதி இருக்கை சாயும், அதை ஈடுசெய்யக் கொக்கித் தண்டைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். அளவு வரைபடத்தைத் தொடங்கிவிட்டேன், பக்கத் தோற்றம் முடிந்ததும் இங்கே போடுகிறேன்.